சாம்பல் பெட்டைக்கு மாப்பிள்ளை பார்த்த கோடை

மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதைக் கண்ணாடி போடாமல் வாசிக்க முடியாத வயதுக்கு நாங்களும் வந்துவிட்டோம். அந்த நாளில் என்னோடு ஸ்காபரோ அடுக்குமாடிகளில் வளர்ந்த உங்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும் என்று கொஞ்சக் காலமாக மனம் அரித்துக்கொண்டிருக்கிறது. பத்துப் பதினொரு வயதில் நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்பாவோடு வங்கிக்கும் அம்மாவோடு டொக்டரிடமும் போய், அங்கே இங்கிலீஷில் சொன்னதைப் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் தமிழாக்கிச் சொன்னீர்கள். எனக்கும் அதே உத்தியோகம்தான். ஆனால் ஒரு கோடை முழுக்க நான் மொழிபெயர்த்தது நாய்களுக்கான சம்பந்தப் பேச்சு.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். தொடக்கத்தில் நாங்களும் சிரித்தோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, பதினொரு வயது நான், ஆறு வயதுத் தம்பி. ஊரார் எல்லாம் தொழிற்சாலைகளிலும் ரெஸ்ரோரன்ட் குசினிகளிலும் நிற்க, அப்பா மட்டும் ரூஜ் ஆற்றையும் தாண்டிக் கிழக்கே, ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் செம்மறிப் பண்ணைக்கு வேலைக்குப் போனார். "கனடாவுக்கு வந்தும் மனுசன் ஆடுதான் மேய்க்குது" என்று கீழ்மாடி அங்கிள் பகிடி பண்ணுவார். அப்பா கோபிக்க மாட்டார். அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. கிழவரின் இங்கிலீஷ்தான் பிடிபடவில்லை. பொய்ப்பல்லுக்குள்ளால் விழுங்கி விழுங்கி வருகிற பேச்சு அது. அதனால் சனிக்கிழமைகளில் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போவார். கார் முழுக்க நனைந்த ஆட்டு மயிர் மணக்கும். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என் ஜாக்கெட்டும் அதே மணம் மணக்கும். பக்கத்தில் இருக்கிற பிள்ளை கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போடுவாள்.

நாய்க்கதைக்குப் போக முன்னர் தம்பியின் கதையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது.

தம்பிக்குக் காது கேட்காது. கனடாவுக்கு வந்த பிறகு அவனைக் காது பார்க்கிற பெரிய டொக்டரிடம் கொண்டுபோனார்கள். மொழிபெயர்க்க நானும் போனேன். டொக்டர் கேட்ட கேள்விகளில் ஒன்று, தாயும் தகப்பனும் இரத்த உறவா என்பது. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஓம் எண்டு சொல்லு பிள்ளை. இவர் என்ரை மாமியின்ரை மகன். சொந்தத்துக்கைதான் செய்தது" என்றார். நல்ல குடும்பம் என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. டொக்டர் தலையை நிமிர்த்தாமல் கனநேரம் எழுதினார். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்.

இன்னொரு காரணமும் இருந்தது. ஊரில் இருந்தபோது தம்பிக்குப் பத்து மாதத்தில் கடும் காய்ச்சல் வந்தது. ஊரடங்குச் சட்டம் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று அம்மா அழுதிருக்கிறார். நாளைக்கு ஊரடங்கை எடுத்துவிடுவார்கள், பொறு என்று அப்பா சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள். அதையும் டொக்டரிடம் சொன்னேன். அதுவாகவும் இருக்கலாம், இனி எதுவென்று கண்டுபிடிக்க முடியாது என்றார். அப்படியே தமிழில் சொன்னேன்.

அன்றிலிருந்து வீட்டில் அந்தக் கேள்வி இருந்தது. இரத்தமா, காய்ச்சலா? இரத்தம் என்றால் அம்மாவின் பிழை. வேறு நல்ல இடம் வந்தும், செய்தால் மாமி மகனைத்தான் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர். காய்ச்சல் என்றால் அப்பாவின் பிழை. இரண்டு பேரும் குழம்புக்கு உப்புக் கூடியதற்குச் சண்டை பிடிப்பார்கள், கேத்தில் கொதிக்க விட்டதற்குச் சண்டை பிடிப்பார்கள். இதைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். எனக்கோ ஒரே குழப்பம். ஒரு நாள் அம்மாவில் கோபம் வரும், மறுநாள் அப்பாவில் வரும். இரண்டு பேருக்கும் டொக்டர் சொன்னதைச் சொன்னவள் என்று சில வேளை என்னிலேயே வரும்.

இனி நாய்க்கதை. பண்ணைக்குக் கயோட்டி வரும். அப்பா அதை நரி என்றுதான் சொல்லுவார். குட்டியாடுகளைக் கழுத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். அதைத் துரத்திப் பிடிக்கக் கிழவர் லர்ச்சர் நாய்கள் வளர்த்தார். லர்ச்சர் என்பது தனிச் சாதி இல்லை. ஓடுவதற்கென்றே பிறந்த கிரேஹவுண்டையும், சொல்லுக் கேட்டு வேலை செய்கிற இன்னொரு நாயையும் சேர்த்து எடுக்கிற கலப்பு. அவரிடம் இருந்த சாம்பல் நிறப் பெட்டையின் தாய் சுத்தக் கிரேஹவுண்ட், தகப்பன் ஆடு மறிக்கிற நாய். பரட்டைத் தாடியும் நீளக் கால்களுமாக நிற்பாள். பக்கத்தில் போய் நின்றால் முழுப் பாரத்தையும் என் தொடையில் சாய்த்துவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல வேறெங்கோ பார்ப்பாள். அவள் என்றால் எனக்கு உயிர்.

அவளுக்கு இன்னொரு தரம் கிரேஹவுண்ட் சேர்த்து, வேகம் கூடிய குட்டிகள் எடுப்பது கிழவரின் எண்ணம். வசந்தத்தில் அவர் டிராக்டரால் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு முன்னறைக் கட்டிலோடு கிடந்தார். அதனால் மாப்பிள்ளை பார்க்கிற பொறுப்பு அப்பாவிடம் வந்தது. காரணம், வேலைக்குச் சேர்ந்த அன்று, வன்னியில் நாய் விட்டு முயல் பிடித்த ஆள் என்று அப்பா தன்னைப் பற்றிச் சொல்லியிருந்தார். உண்மையில் இளந்தாரியாக இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரரோடு இரண்டு தரம் பின்னால் போயிருக்கிறார். "கன காலம் எண்டு சொல்லு பிள்ளை" என்றார். நானும் கன காலம் என்றேன்.

இரண்டு கிரேஹவுண்டுகள் இருந்தன. இரண்டும் பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவை, இரண்டும் கிழவருக்குத் தெரிந்த ஒருவரிடம் நின்றன. ஒன்று கறுப்பு. மற்றது புலிக்குட்டிபோல வரி போட்டது. அப்பா அவற்றுக்குக் கறுவல், வரியன் என்று பெயர் வைத்தார். இரண்டினதும் வம்சத் தாள்கள் வந்திருந்தன. எதைப் பார்க்க வேண்டும் என்று கிழவர் கட்டிலில் கிடந்தபடி சொல்லச் சொல்ல நான் பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதினேன். வென்ற நாய்களின் பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது. முதல் வளைவு மட்டும் பறந்துவிட்டுப் பிறகு களைக்கிற வம்சம் உழுத நிலத்துக்கு உதவாது. எத்தனை வயது மட்டும் ஓடியிருக்கின்றன, தாயின் கூடப்பிறந்தவை கால் முறியாமல் ஓய்ந்தனவா, கால் விரல்கள் இறுக்கமா, மற்ற நாயைக் கடிக்குமா என்று பார்க்க வேண்டும்.

போய்ப் பார்த்தோம். சைக்கிள் சில்லில் நூலைச் சுற்றி, நூல் நுனியில் வெள்ளைக் கடைப் பை ஒன்றைக் கட்டி வயலில் இழுத்தார்கள். நாய்கள் அதை முயலென்று துரத்தின. கறுவல்தான் முதலில் போனது. வரியன் பிந்தித்தான் போனது, ஆனால் திரும்பி வரும்போது அதற்கு மூச்சு வாங்கவில்லை. காதுக்குள் பச்சை குத்திய இலக்கம் தாளில் உள்ளதோடு சரிவருகிறதா என்று பார்ப்பது என் வேலை. வரியனின் காதை மடித்து வெயிலுக்குப் பிடித்தேன். சிவப்பாக, நரம்பு நரம்பாக, சூடாக இருந்தது. அது அசையாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பினோம். நான் ஒவ்வொரு பெயராக வாசிக்க, அப்பா பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கீறத் தொடங்கினார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நடுவில் கோடு. தம்பி மேசைக்குக் கீழே படுத்துக்கொண்டு அப்பாவின் காலில் பேனையால் கீறினான். அம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன, நாய்க்குச் சாதகம் பாக்கிறியளோ?"

"பகிடி பண்ணாதையும். இது பெரிய வேலை."

அம்மா போகவில்லை. கொஞ்ச நேரத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அத்தான், அந்தக் கறுவலின்ரை தாய் ஆர்?"

"எங்கடை பெட்டையின்ரை தாய்க்குக் கூடப்பிறந்தவள். ஒரே ஈத்து."

"ஐயோ, அப்ப பெரியம்மா மகனெல்லோ! தமையன் முறை. சீ, விடுங்கோ."

"அதைத்தான் நானும் பாக்கிறன். இவன் வரியனைப் பாரும். இவன்ரை தேப்பனும் பெட்டையின்ரை தாயும் சகோதரம்."

"தாய்மாமன் மகன்!" என்றார் அம்மா. "மச்சான். உரிமைச் சம்பந்தம்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்து நான் பார்த்துக் கனகாலம். பிறகு அந்தச் சிரிப்பு எங்கேயோ முட்டியதுபோல நின்றது. அம்மா குனிந்து மேசைக்குக் கீழே தம்பியைப் பார்த்தார். கரண்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். அந்தக் கலண்டர் தாள் வீடு மாறும்போது தொலைந்துபோனது. எத்தனை பெட்டிகளைக் கிளறிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த சனிக்கிழமை கிழவரிடம் முடிவைச் சொன்னோம். "கறுவல் வேண்டாம் எண்டு சொல்லு. அது அவளுக்குத் தமையன்" என்றார் அப்பா. நான் சொன்னேன். கிழவர் தாளை எடுத்துப் பார்த்தார். தமையன் இல்லையே, தாயின் சகோதரியின் பிள்ளை என்றார். எங்களில் அது தமையன்தான், வரியன் என்றால் மச்சான், செய்யலாம் என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் பாட்டனும் பாட்டியும் ஒரே நாய்கள்தானே, ஒன்று கூடும் என்றால் மற்றதும் கூடும், ஒன்று கூடாது என்றால் மற்றதும் கூடாது என்றார். எனக்கும் அது சரியென்று பட்டது. வீட்டில் சொன்னதும் சரியென்றுதான் பட்டது.

பிறகு கிழவர் குரலை இறக்கிக்கொண்டு சொன்னார். முன்பு ஒரு தரம் இப்படி நெருங்கிய சொந்தத்துக்குள் சேர்த்தாராம். இரண்டு குட்டிகள் வெள்ளைத் தலையோடு பிறந்தன. இரண்டும் செவிடு. காது கேளாத நாயைத் தெருவுக்கு ஓடும்போது திருப்பிக் கூப்பிட முடியாது. தன் கையாலேயே முடிக்க வேண்டி வந்தது. ஒரே இரத்தம் இரண்டு பக்கத்தாலும் வந்தால் ஒளிந்திருந்தது வெளியே வரும். இவை இரண்டையும் விட்டுவிட்டுத் தூரத்தில் வேறு நாய் பார்ப்போமா? உன் அப்பா என்ன நினைக்கிறார் என்று கேள்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அப்பா.

செவிடு என்ற சொல்லை அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. "வரியன் நல்லதாம் அப்பா. உங்கடை விருப்பமாம்" என்றேன்.

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப வரியனையே எடுப்பம் எண்டு சொல்லு."

நான் கிழவரிடம், எங்கள் நாட்டில் எப்போதும் இப்படித்தான் செய்வார்கள், ஒன்றும் நடக்காது என்று அப்பா சொல்கிறார் என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன முதல் பெரிய பொய் அது. கிழவர் தலையாட்டினார். கன காலம் நாய் விட்டவர், அவருக்குத் தெரியும் என்றார்.

வரியனைக் கொண்டுவந்து விட்டார்கள். என்னைக் காருக்குள் இருக்கச் சொன்னார்கள். குட்டி போட ஒன்பது கிழமை என்று கிழவர் கணக்குச் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு நீளமான விடுமுறை. மற்றப் பிள்ளைகள் கீழே தண்ணீர் பீச்சி விளையாட, நான் பெட்டையின் வயிற்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் போனால் பிள்ளையாருக்கு முன்னால் நின்று எல்லாக் குட்டிக்கும் காது கேட்க வேண்டும் என்று கும்பிடுவேன். அடுத்த நிமிடமே, சொந்தத்துக்குள் பிறந்தும் எல்லாவற்றுக்கும் கேட்டால் தம்பிக்கு வந்தது காய்ச்சலால்தான் என்றாகிவிடும், அப்பாவுக்கு என்ன ஆகும் என்று பயம் வரும். கும்பிட்டதைத் திருப்பி வாங்கலாமா என்று தெரியாது. தோப்புக்கரணம் மட்டும் போட்டுவிட்டு வருவேன்.

ஏழு குட்டிகள் பிறந்தன. ஒன்றுக்குத் தலை முழுக்க வெள்ளை.

ஒரு கிழமைக் குட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று கை தட்டினேன். ஒன்றும் அசையவில்லை. பலமாகத் தட்டினேன். பெட்டைதான் எரிச்சலோடு தலையைத் தூக்கினாள். ஏழும் செவிடு, நான் சொன்ன பொய்யால் ஏழும் செவிடு என்று வைக்கோலில் விழுந்து அழுதேன். சத்தம் கேட்டு, அப்போதுதான் நடைச்சட்டத்தைப் பிடித்து நடக்கப் பழகியிருந்த கிழவர் வந்தார். விஷயம் கேட்டுப் பொய்ப்பல் தெரியச் சிரித்தார். நாய்க்குட்டி எல்லாம் பிறக்கும்போது கண்ணும் மூடி, காதும் மூடித்தான் பிறக்குமாம். மூன்றாம் கிழமையில்தான் காது திறக்குமாம். அதுவரைக்கும் உலகத்தில் எந்தக் குட்டிக்கும் ஒன்றும் கேட்காது என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நாலாம் கிழமை முடிந்த சனிக்கிழமை. பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கியிருந்தது. அப்பா ஆடுகளோடு நின்றார். நான் தீவன வாளியின் மூடியும் ஒரு கரண்டியும் எடுத்துக்கொண்டு தனியே கொட்டிலுக்குள் போனேன். ஒவ்வொரு குட்டியாகத் தூக்கி மற்றப் பக்கம் பார்க்க வைத்துவிட்டு, பின்னால் நின்று தட்டினேன். முதலாவது திரும்பியது. இரண்டாவது திரும்பியது. வெள்ளைத் தலையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். தட்டக் கையைத் தூக்க என் சட்டைக் கை உரசிய சத்தத்துக்கே அது திரும்பிவிட்டது.

சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. சந்தோஷம் வரவில்லை. மூடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"எத்தினை திரும்பினது?"

அப்பா வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"எல்லாம் அப்பா. ஏழும்."

"நானும் வியாழக்கிழமை தட்டிப் பாத்தனான்" என்றார். "ஒரு வேளை பிழையாப் பாத்திட்டனோ எண்டு நினைச்சன்."

மூடியைக் கீழே வைத்தேன். "கிழவர் சொன்னது உங்களுக்கு விளங்கினதோ?"

"செவிடு எண்ட சொல்லு எனக்குத் தெரியாதே பிள்ளை? எத்தினை டொக்டர்மாரிட்டைக் கேட்ட சொல்லு."

"பிறகேன் வரியனை எடுத்தனீங்கள்?"

அவர் உள்ளே வந்து வைக்கோலில் குந்தி, வெள்ளைத் தலைக் குட்டியைத் தூக்கி மடியில் வைத்தார். அது அவருடைய விரலைச் சூப்பியது.

"அப்ப காய்ச்சல்தான். என்ன பிள்ளை?"

கிழவர் ஏதாவது சொன்னதும் என்னைப் பார்த்து என்னவாம் என்று கேட்பாரே, அதே குரலில்தான் கேட்டார். சொன்னது என்ன என்று நான் சொல்ல வேண்டும். அவ்வளவு நாளும் சொல்லித்தானே வந்தேன்?

"ஓம் அப்பா" என்றேன்.

ஏழு நாய்க்குட்டிகளை வைத்து ஒரு மனிதப் பிள்ளையின் காதைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது என்பது இப்போது எனக்குத் தெரியும். தெரிந்த காலத்தில் அப்பாவிடம் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "அது சரி பிள்ளை" என்பார். நம்பவில்லை என்று முகத்தில் தெரியும். எல்லாவற்றையும் பிழையாக மொழிபெயர்த்த அந்தக் கோடையில், நான் சொன்ன அந்த ஒரு சொல்லைத்தான் அவர் கடைசி மட்டும் நம்பினார். கிழவருக்கும் புது நம்பிக்கை வந்துவிட்டது. மாமன் மகன் என்றால் சேர்க்கலாம், பெரியம்மா மகன் என்றால் கூடாது என்று அக்கம் பக்கத்துப் பண்ணைக்காரருக்கெல்லாம் வருடக்கணக்காகப் பாடம் எடுத்தார்.

அன்று வீட்டுக்கு வர, கதவைத் திறந்தது அம்மா. கையெல்லாம் கோதுமை மா. எங்களை உள்ளே வரக்கூட விடவில்லை.

"வெள்ளைத் தலைக்கும் கேக்குதோ?" என்றார்.

வெள்ளைத் தலையைப் பற்றி நான் அம்மாவிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஓம் அம்மா. ஏழுக்கும் கேக்குது."

அம்மா சுவரில் சாய்ந்தார். அப்படியே சறுக்கி நிலத்தில் உட்கார்ந்தார். விளையாடிக்கொண்டிருந்த தம்பியை இழுத்து மடியில் போட்டு, மாக்கையாலேயே அவன் முகத்தைப் பிடித்து, இரண்டு காதிலும் மாறி மாறிக் கொஞ்சினார். அழுகையும் சிரிப்புமாக என்னவெல்லாமோ சொன்னார். தம்பிக்கு ஒன்றும் விளங்காமல், மூக்கில் மாவோடு, அவனும் சிரித்தான். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அம்மாவிடம் அதற்கு முன்னர் கண்டதில்லை. அப்பா வாசலுக்கு வெளியே குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சப்பாத்தையும் கழற்றி முடித்த பிறகும் அவர் நிமிரவில்லை.